தொழிற்சாலையில் ஒரு மர்மக்கதை எழுத்தாளர்

"ஒற்றர் கதை, உளவாளிக் கதை எல்லாம் ஆங்கிலத்தில்தானே சார் நன்றாக இருக்கும்? தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள்?" என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். 2022ல் வந்த கமல்ஹாசனின் 'விக்ரம்' படத்தை மூன்று முறை பார்த்தவர் அவர். அதே பெயரில் 1986ல் ஒரு படம் வந்தது என்பதும், அது குமுதத்தில் தொடர்கதையாகவும் வந்தது என்பதும், அதை எழுதியவர் அப்போது நம் அத்திபெலேக்கு நேர் மறுகோடியில், ஜாலஹள்ளியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எழுத்தாளர் சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3ஆம் தேதி சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ். இந்த இரண்டு கல்லூரிகளிலும் அவர் காலத்தில் படித்த இன்னொருவர், பிற்காலத்தில் ஏவுகணை விஞ்ஞானியாகி ஜனாதிபதியும் ஆன அப்துல் கலாம். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏவுகணை பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்து, டெல்லியில் விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு வேலை பார்த்தார். அதன் பிறகு பெங்களூருக்கு வந்து பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1954ல் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை, ராணுவத்துக்கான ராடார்கள், வயர்லெஸ் கருவிகள் முதலியவற்றைச் செய்வது. அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் உயர்ந்த பொறுப்புக்கு வந்து 1993ல் ஓய்வு பெற்றார். பிறகு சென்னையில் குடியேறி, சினிமாவுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதி, 2008 பிப்ரவரி 27ஆம் தேதி காலமானார்.

இந்தத் தேதிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். அவருக்குப் பெரும் புகழைத் தந்த தொடர்கதைகள் அனேகமாக எல்லாமே அவர் முழுநேர உத்தியோகத்தில் இருந்தபோது, அதுவும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தபோது எழுதப்பட்டவை. 'நைலான் கயிறு' குமுதத்தில் 1968ல் வந்தது. 'காயத்ரி', 'பிரியா', 'கரையெல்லாம் செண்பகப்பூ', 'கொலையுதிர் காலம்', 'விக்ரம்', 'என் இனிய இயந்திரா' எல்லாம் 1993க்கு முந்தியவை. வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ரேஷனுக்கும் போய், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு அலைந்து, பக்கத்து வீட்டாரிடம் வேறொரு மொழி பேசி வாழ்கிற நம்மைப் போன்ற ஒருவர்தான் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் வியாழக்கிழமைக்குக் காத்திருந்து படித்ததை எழுதினார். இதை நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்லுவதில்லை.

சுஜாதா என்பது அவருடைய மனைவியின் பெயர். ரங்கராஜன் என்றே எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் ஏற்கெனவே புகழுடன் இருந்தார். இரண்டு ரங்கராஜன்கள் குழப்பம் தருவார்கள் என்பதால் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார். பெண் எழுத்தாளர் என்று நினைத்துப் படித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு மாமி, "ஒரு பொம்பளை இப்படியெல்லாம் எழுதலாமா?" என்று கோபப்பட்டுக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் படித்தார்.

ஆங்கிலத்தில் உளவுக் கதை எழுதிப் புகழ் பெற்றவர்களில் பலர் அந்தத் தொழிலையே பார்த்தவர்கள். ஜேம்ஸ்பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் இருந்தார். ஜான் லெ காரே, பிரிட்டிஷ் உளவுத்துறையில் இருந்துகொண்டே புனைபெயரில் எழுதியவர். 1963ல் வந்த ஒரு நாவல் உலகமெங்கும் விற்றதும் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். நம் சுஜாதா உளவாளி அல்ல. ஆனால் உளவாளிகள் எட்டிப் பார்க்க ஆசைப்படக்கூடிய ஓர் இடத்தில் வேலை பார்த்தார். லெ காரேயைப் போல் புகழ் வந்ததும் ராஜினாமா செய்யவுமில்லை. ஓய்வு பெறும் வயது வரை அலுவலகம் போனார்.

அந்தத் தொழிற்சாலையின் ரகசியம் எதுவும் அவர் கதைகளில் வந்ததாக நான் படித்ததில்லை. ராணுவ ராடார் எப்படி வேலை செய்கிறது என்று சுவாரசியமாக ஓர் அத்தியாயம் எழுத அவரால் முடிந்திருக்கும். எழுதவில்லை. கதைக்குத் தேவையான விஞ்ஞானத்தைப் பொதுவில் கிடைக்கும் புத்தகங்களிலிருந்தும் சஞ்சிகைகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் கழித்தவன் என்ற முறையில், இந்தக் கட்டுப்பாடு எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது.

அவருக்கு முன்னால் தமிழில் மர்மக் கதைகள் இல்லாமல் இல்லை. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துப்பறியும் நாவல்களைக் கொட்டித் தீர்த்தவர்கள். பிறகு கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன் வந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் படம். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லால் உலக நாடுகளுக்கெல்லாம் போய்க் குற்றவாளிகளைப் பிடிப்பார். பள்ளிக்கூட நாட்களில் எங்களுக்கு வெளிநாடு என்றால் சங்கர்லால் போய்வந்த ஊர்தான். தமிழ்வாணன் நல்ல தமிழில் எழுதினார். 1977ல் அவர் மறைந்தார்.

சுஜாதா கொண்டுவந்தது வேறு. சங்கர்லால் தவறே செய்யாத வீரர். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் பீஸ் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற மனிதர். சில கேஸ்களில் திணறுவார். சில ஆண்டுகள் கழித்து அவருக்கு ஜூனியராக வந்து சேர்ந்த வசந்த், வாயாடி. அவன் சொல்ல ஆரம்பித்து ஒருமுறைகூட முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் என்னவாக இருக்கும் என்று தமிழ்நாடே மண்டையை உடைத்துக்கொண்டது. இருவரும் பேசுவது நாம் ஆபீஸில் பேசுகிற தமிழ். இங்கிலீஷும் கலந்து, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, எதிராளி புரிந்துகொள்வான் என்ற நம்பிக்கையில் பேசுகிற பேச்சு. விமான நிலையத்தில் பைலட்டிடம் வயர்லெஸ்ஸில் பேசுகிறவருக்கு வளவள என்று பேச நேரமிருக்காது. அந்தப் பழக்கம்தான் அவருடைய எழுத்திலும் வந்துவிட்டது என்பது என் ஊகம். ஒருவன் மாடிப்படி இறங்கினான் என்றால் அந்தச் சொல்லின் எழுத்துக்களையே படிபடியாக அச்சில் இறக்கி வைத்துவிடுவார். அச்சுக்கோப்பவர்கள் என்ன பாடுபட்டார்களோ!

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். எங்கள் தொழிலில் 'இண்டர்லாக்கிங்' என்று ஒன்று உண்டு. ஒரு தடத்தில் வண்டி வர சிக்னல் இறக்கிவிட்டால், அதற்குக் குறுக்கே வரக்கூடிய எந்தப் பாயிண்டையும் அதன்பின் அசைக்க முடியாது. லீவரைப் பிடித்து இழுத்தாலும் வராது. கேபின்மேன் நல்லவனா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறானா என்பதெல்லாம் அந்த இரும்புக்கு அக்கறையில்லை. நல்ல மர்மக்கதையும் இப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது என்று எழுதிவிட்டால் பன்னிரண்டாவது வாரத்தில் அதைத் திறக்கக்கூடாது. தொடர்கதையில் இது இன்னும் கஷ்டம். நாவலை முழுதாக எழுதி முடித்து அச்சுக்குக் கொடுப்பவர் பின்னால் போய்த் திருத்தலாம். வாராவாரம் எழுதுகிறவர் போன வாரம் எழுதியதைத் திருத்த முடியாது. அது ஏற்கெனவே ஜோலார்பேட்டை பிளாட்பாரக் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். சுஜாதாவின் நல்ல தொடர்கதைகளில் இந்தப் பூட்டு சரியாக விழும்.

'கொலையுதிர் காலம்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு பழைய பங்களா, சொத்துத் தகராறு, இரவில் தெரியும் உருவங்கள். லேசர் ஒளியை வைத்து வெறும் காற்றில் முப்பரிமாண பிம்பம் உண்டாக்கும் ஹோலோகிராம் என்ற தொழில்நுட்பம் அப்போது பொதுஜனம் கேள்விப்படாதது. கணேஷ் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானக் காரணம் இருக்கும் என்கிறார். வசந்த் பேய் என்கிறான். முடிவை இங்கே சொல்லி யாருடைய சாபத்தையும் வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

இப்போது 'விக்ரம்' கதைக்கு வருவோம். அக்னிபுத்திரன் என்ற இந்திய ஏவுகணை கடத்தப்படுகிறது. அதை மீட்க விக்ரம் என்ற உளவு அதிகாரி, ஒரு கம்ப்யூட்டர் நிபுணியுடன் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறார். ராஜசேகர் இயக்கத்தில் 1986 மே மாதம் படம் வந்தது. கம்ப்யூட்டர் என்ற பெட்டியைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நேரில் பார்த்திராத காலம். ஏவுகணையின் பாதையைக் கணிப்பொறியில் மாற்றலாம் என்பதே அன்று புராணக் கதை மாதிரி இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1989 மே 22ஆம் தேதி, இந்தியா தன் அக்னி ஏவுகணையை முதன்முதலாகச் செலுத்தியது. அந்த ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அப்துல் கலாம். கல்லூரித் தோழர்கள் இருவரில் ஒருவர் காகிதத்திலும் ஒருவர் கடற்கரையிலும் அக்னியை ஏவினார்கள். இது தற்செயல்தான், ரகசியம் கசிந்தது என்று கதை கட்ட வேண்டாம். ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983லேயே தொடங்கிவிட்டது. பத்திரிகை படிக்கிற எவருக்கும் இந்தியா ஏவுகணை செய்யப்போகிறது என்று தெரிந்திருந்தது.

படம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாதி விறுவிறுப்பு. சலாமியா அரண்மனைக்குள் நுழைந்ததும் கதை வேடிக்கைக்குப் போய்விடுகிறது. சினிமா அவர் கதைகளுக்கு அடிக்கடி இப்படித்தான் செய்தது. 'பிரியா' நாவலில் கணேஷ் போவது லண்டனுக்கு; 1978ல் ரஜினிகாந்த் நடித்து வந்த படத்தில் அது சிங்கப்பூர் ஆகிவிட்டது. 'காயத்ரி' 1977லேயே படமாயிற்று. பின்னாளில் 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்', 'சிவாஜி' என்று அவர் வசனம் எழுதிய படங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அவர் மறைவுக்குப் பிறகு 2010ல் வந்த 'எந்திரன்' படத்திலும் அவர் எழுத்து உண்டு.

சுஜாதா என்றதும் பலர் சொல்வது, "வோட்டு மிஷினைக் கண்டுபிடித்தவர்தானே?" என்பது. இதைச் சற்றுத் தெளிவுபடுத்த வேண்டும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஒருவர் கண்டுபிடிப்பு அல்ல. தேர்தல் கமிஷனின் யோசனையின்பேரில் ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் செய்தவை அவை. வெளிவடிவத்தை அமைப்பதில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர்களுக்கும் பங்கு உண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கும் பணியை மேற்பார்வை பார்த்தவர் ரங்கராஜன். அதற்காக அவருக்கு வாஸ்விக் விருதும் கிடைத்தது.

அந்த இயந்திரத்தை ரயில்வேக்காரன் கண்ணால் பார்த்தால் மிகவும் பரிச்சயமான பொருள். ஒற்றைத் தடப் பாதையில் டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்ப முடியாது. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்கவும் முடியாது. வாக்குச்சாவடியிலும் அதேதான். அதிகாரி தம் பெட்டியில் பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்தால்தான் வாக்காளரின் பெட்டி உயிர் பெறும். ஒரு வாக்கு விழுந்ததும் பூட்டிக்கொள்ளும். மறுபடி எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ஒரு பெட்டியில் பதினாறு பெயர்கள். அந்த நாளைய வடிவத்தில் நான்கு பெட்டிகளைக் கோத்து அறுபத்துநான்கு வேட்பாளர்கள் வரை போகலாம். பாட்டரியில் ஓடுவதால் மின்சாரம் இல்லாத மலைக் கிராமத்திலும் வேலை செய்யும்.

இயந்திரம் தயாராகி ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை ஒரு தொடர்கதையைவிட நீளம். 1982ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. சட்டத்தில் இடமில்லை என்று 1984ல் தீர்ப்பு வந்தது. அந்தச் சாவடிகளில் மறுபடி சீட்டில் வாக்களித்தபோது, தோற்றவர் ஜெயித்துவிட்டார்! பாராளுமன்றம் 1988ல் சட்டத்தைத் திருத்தியது. அதன் பிறகும் பத்து வருடம் காத்திருந்து, 1998ல் மூன்று மாநிலங்களில் சில தொகுதிகளில் பயன்பட்டது. 2004 பாராளுமன்றத் தேர்தலில்தான் நாடு முழுவதும் வந்தது. அதற்குள் ரங்கராஜன் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது.

எழுத்தாளராகவும் அவர் இடிபடாமல் இல்லை. 1857 சிப்பாய்க் கலகத்தை வைத்து 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடரைக் குமுதத்தில் ஆரம்பித்தார். ஒரு சமூகத்தைப் பற்றிய குறிப்புகளுக்கு எதிர்ப்புக் கிளம்பி, தொடர் நிறுத்தப்பட்டது. பிறகு அதையே மாற்றி எழுதி 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் கொண்டுவந்தார்.

குறைகளும் உண்டு. பல தொடர்கதைகளில் முடிவு அவசரமாக வந்து விழும். வாரம் போதவில்லை என்பது தெரியும். பெண்களை வர்ணிக்கும் இடங்களில் இன்றைய பெண்பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. எங்கள் மாமியின் கோபத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் இதே மனிதர்தான், மதுரை ஆஸ்பத்திரிக்கு நோயாளி மகளைத் தூக்கிக்கொண்டு வரும் கிராமத்துத் தாய் ஒருத்தி வழி தெரியாமல் அலைவதை 'நகரம்' என்ற சிறுகதையாக எழுதினார். கொலையும் இல்லை, துப்பும் இல்லை. படித்துவிட்டு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்ததால் அவருக்கு நஷ்டமா லாபமா என்று நான் யோசித்ததுண்டு. கணையாழி பத்திரிகை 1965ல் தொடங்கப்பட்டது டெல்லியில். தொடங்கியவர்கள் அங்கிருந்த தமிழர்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் இவர் எழுதினார். சினிமா, இசை, கவிதை, கம்ப்யூட்டர் எதுவும் தப்பாது. ஊரில் இருப்பவனுக்கு ஊர் கண்ணில் படாது. ஸ்ரீரங்கத்தின் தெருக்களையும் மனிதர்களையும் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் அத்தனை துல்லியமாக அவர் எழுதியது, அங்கேயே இருந்திருந்தால் நடந்திருக்குமா என்பது சந்தேகம். இங்கே நாம் பேசுகிற தமிழில் கன்னடமும் ஆங்கிலமும் கலந்துவிட்டதே என்று கவலைப்படுகிறோம். கலந்த தமிழையே எடுத்து, வெட்டித் தட்டி, ஓர் எழுத்து நடையாக்கினார் அவர்.

நம் பகுதியில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கன்னடம் உண்டு, ஆங்கிலம் உண்டு, சில இடங்களில் ஹிந்தியும் உண்டு. தமிழ், வீட்டில் காதால் கேட்பதோடு நின்றுவிடுகிறது. எல்லை தாண்டினால் ஓசூர்; பஸ் ஸ்டாண்டு கடையில் தமிழ் வார இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் வாங்கி வந்தால் படிப்பது தாத்தாவும் பாட்டியும்தான். திருக்குறளைக் கொடுத்து எழுத்துப் பழக்குவது நல்லதே, நானும் செய்தேன். என் பேரன் எழுத்துக் கூட்டிப் படித்தான், நான் எழுந்து போனதும் மூடிவைத்தான். 'என் இனிய இயந்திரா'வைக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. ஆனந்த விகடனில் எண்பதுகளில் வந்த தொடர் அது. எதிர்காலத்தில் ஒரு சர்வாதிகார அரசு. ஜனங்களுக்கு இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க அனுமதியில்லை. எல்லாருக்கும் ஓர் எண். இந்த உலகத்தில் நிலா என்ற பெண்ணுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. அது புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும். முதல் ஐந்து பக்கம் நான் வாசித்துக் காட்டினேன். ஆறாவது பக்கத்தை அவன் பிடுங்கிக்கொண்டான். ஒரு மாதம் ஆயிற்று முடிக்க. "ளகரமும் ழகரமும் ஏன் தாத்தா ரெண்டு?" என்ற கேள்வி அந்த மாதத்தில்தான் வந்தது.

ஆகவே பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு அதையும், அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் முதலில் கொடுக்கலாம். கேள்வி கேட்கிற பிள்ளையாக இருந்தால், ஜூனியர் விகடனில் வந்த விஞ்ஞானக் கேள்வி பதில் தொகுப்பான 'ஏன், எதற்கு, எப்படி?' சரியாக இருக்கும். அறிவியலைப் பாமரருக்கும் எடுத்துச் சொன்னதற்காக மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழு 1993ல் அவருக்கு விருது கொடுத்தது. கல்லூரிக்குப் போகிறவர்கள் 'நைலான் கயிறு' பக்கம் வரட்டும். சிறியது, இரண்டு மாலையில் முடிந்துவிடும். கிராமத்து நாட்டுப்பாடல்களைத் தொகுக்க வரும் இளைஞன் ஒரு மர்மத்தில் மாட்டிக்கொள்ளும் 'கரையெல்லாம் செண்பகப்பூ'வைப் பெரியவர்கள் விரும்புவார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை என் அலமாரியில் இருக்கின்றன. சங்கத்து அன்பர்கள் ஞாயிறு காலையில் வந்து எடுத்துச் செல்லலாம். நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போனால் போதும். 'கொலையுதிர் காலம்' மட்டும் கேட்காதீர்கள். யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தந்த பிரதியில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. புதுப் பிரதி வாங்கும் வரை அதைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.